இஞ்ச வாங்க மகள்

களுவாஞ்சிக்குடி தாண்டியதும் பஸ்ஸில் நிற்கவும் இடமில்லை.

ரியூசன் பையோடு ஒரு பிள்ளை. பின்னால் நின்றவர் ஒவ்வொரு பிரேக்குக்கும் அவள்மேல் சாய்ந்தார். பிரேக் போடாதபோதும் சாய்ந்தார். பையின் பட்டியைப் பிடித்திருந்த அவள் விரல்கள் வெளுத்துப் போயிருந்தன.

சீட்டில் இருந்த உம்மா ஒருவர் மடியிலிருந்த சாமான் பையைக் காலடியில் இறக்கினார்.

"இஞ்ச வாங்க மகள், இதுல இரிங்க."

மூன்று பேர் சீட்டில் நான்காவதாக அவளை இருத்திவிட்டு, அந்த ஆளை நிமிர்ந்து பார்த்தார். அவ்வளவுதான். கண்டக்டர் தம்பி வந்து, "அண்ணன், முன்னுக்குப் போங்க" என்றார்.

நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். வாய் திறக்கவில்லை. அதுதான் இப்போதும் உறுத்துகிறது.

இலங்கையில் பஸ், ரயிலில் பாலியல் தொல்லைக்கு ஆளான பெண்கள் 90 சதவீதம் என்று ஐ.நா. சனத்தொகை நிதியம் 2017இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. பொலிஸுக்குப் போனவர்கள் வெறும் 4 சதவீதம்.

தண்டனைச் சட்டக் கோவையில் பாலியல் தொல்லைக்கு எதிரான 345ஆம் பிரிவு இருக்கிறது. பெண்கள் உதவிக்கு அழைக்க 1938 என்ற தொலைபேசி இலக்கமும் இருக்கிறது. சரி, இரண்டும் வேண்டும். ஆனால் அந்த நேரத்தில் அந்தப் பிள்ளைக்கு எட்டியது உம்மாவின் கைதான்.

ஆரையம்பதியில் அவள் இறங்கினாள். பஸ் எடுத்த பிறகும் உம்மா ஜன்னலால் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.