வருமானச் சான்று விண்ணப்பத்தை ஏஐ வைத்துத் திருத்தியபோது எங்கெல்லாம் இடித்தது

வருமானச் சான்றிதழுக்கான இணையப் படிவம், உதவிக் குறிப்புகள், குறுஞ்செய்திகள் எல்லாவற்றையும் ஏஐ துணையோடு திருத்தி எழுதும் வேலை ஒருவழியாக முடிந்தது. ஏஐ மாடலைத் தேர்ந்தெடுத்து இணைப்பதற்கு நான்கு நாள்தான் ஆனது. அதற்கு ஊட்ட வேண்டிய காகிதங்கள் மூன்று வாரத்தை விழுங்கின. இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு அந்த மூன்று வாரமாவது மிச்சமாகட்டும்.

முதல் அடி எழுத்துருவில் விழுந்தது. விதிகள், சுற்றறிக்கைகள் எல்லாம் பிடிஎஃப்பாக வந்தன. திரையில் பார்த்தால் நல்ல தமிழ். ஆனால் பழைய கோப்புகள் வானவில் அவ்வையார் என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சானவை. உள்ளே இருப்பது எல்லாக் கணினிக்கும் பொதுவான யுனிகோட் தமிழ் இல்லை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை ஒட்டிவைத்த குறியீடு. யுனிகோடையும் தமிழுக்கான இன்னொரு குறியீடான டேஸ்16-ஐயும் தரமாக ஏற்ற அரசாணை 2010-லேயே வந்தும் பழைய பழக்கம் விடவில்லை. உரையைப் பிரித்தெடுத்தால் குப்பைதான் வரும். படிக்க முடியவில்லை என்று மாடல் சொல்லியிருந்தால் தப்பித்திருப்போம். அங்கங்கே தெரிந்த எண்களைப் பிடித்துக்கொண்டு பளிச்சென்று ஒரு சுருக்கம் எழுதித் தந்தது. விதியில் இல்லாத ஓர் ஆவணம் அதில் கட்டாயம் என்றிருந்தது. படிவத்தில் ஏறி, பரிசோதனைக்குப் போன பிறகுதான் ஒரு துணை வட்டாட்சியர் அதைக் கண்டுபிடித்தார்.

அதனால் எந்த பிடிஎஃப் வந்தாலும் ஒரு பத்தியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். தமிழ் வந்தால்தான் அடுத்த வேலை. வானவில் என்றால் முதலில் யுனிகோட் மாற்றியில் போடுங்கள். ஸ்கேன் பக்கம் என்றால் 300 டிபிஐ-க்குக் (அங்குலத்துக்கு 300 புள்ளி) குறையாமல் எடுத்து ஓசிஆரில், அதாவது படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் மென்பொருளில், போடுங்கள். அதிலும் துணைக்காலையும் ரகரத்தையும் மாற்றிப் போடும். தொகை, தேதி, அரசாணை எண் மூன்றையும் கண்ணால் சரிபார்க்காமல் விடாதீர்கள். கடைசியாக எல்லா உரையையும் என்எஃப்சி என்ற ஒரே சீரான யுனிகோட் வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். ‘கொ’வில் உள்ள ஒற்றைக்கொம்பும் காலும் ஒரு கோப்பில் ஒரே யுனிகோட் குறியாகவும் இன்னொன்றில் இரண்டு குறியாகவும் இருக்கும். பார்க்க ஒரே மாதிரி; தேடினால் சிக்காது.

அடுத்தது விண்ணப்பத்தைத் தள்ளும்போது அலுவலர்கள் எழுதும் நிராகரிப்புக் குறிப்புகள். படிவத்தில் எங்கே இடிக்கிறது என்பதை இவற்றைவிடத் தெளிவாகச் சொல்வது எதுவுமில்லை. மாடலிடம் கொடுக்கும் முன் 12 இலக்க எண்கள், கைபேசி எண்கள், பெயர்கள் அத்தனையையும் மறைத்துவிட வேண்டும். ஆதார் எண்ணை நான்கு நான்காக இடைவெளி விட்டும் எழுதியிருப்பார்கள், சேர்த்தும் எழுதியிருப்பார்கள். இரண்டையும் பிடிக்கிற மாதிரி விதி எழுதுங்கள்.

‘ஆவணம் சரியில்லை’ என்ற குறிப்புகளை எல்லாம் மாடல் ஒரே குவியலாகப் போட்டது. சந்தேகப்பட்டு நூறு விண்ணப்பங்களைத் திறந்து பார்த்தால் அதற்குள் மூன்று வேறு சங்கதிகள்: ஆவணமே இணைக்காதவை, இனிஷியல் ஒத்துப்போகாதவை, படம் மங்கியவை. மங்கியதற்குக் காரணம் எங்கள் படிவமேதான். பதிவேற்ற வரம்பு 200 கேபி. கைபேசியில் எடுத்த படம் 3 எம்பி இருக்கும். இ-சேவை மையத்தில் ஆபரேட்டர் அதை எழுத்தே தெரியாத அளவுக்குச் சுருக்கித்தான் ஏற்றியாக வேண்டும். வரம்பை உயர்த்தி, சுருக்கும் வேலையைச் சர்வருக்கு மாற்றினோம். இதற்கு ஏஐ தேவையே படவில்லை. இனிஷியல் விஷயத்தில் மட்டும் மாடல் எச்சரிக்கை காட்டும், அவ்வளவுதான். ‘மு. செல்வி’யும் ‘செல்வி முத்து’வும் ஒருவரா என்று முடிவெடுக்கும் வேலையை அதனிடம் விடவே கூடாது.

மாடல் எழுதிய தமிழில் பிழையைவிடக் குழப்பம் அதிகம். ‘ஆண்டு வருமானம்’ ஓரிடத்தில், ‘ஆண்டு வருவாய்’ இன்னோரிடத்தில். பக்கத்திலேயே வருவாய் ஆய்வாளர் வருகிற படிவத்தில் இது தலைவலி. கிராம நிர்வாக அலுவலர் ‘அதிகாரி’ ஆகிவிடுவார். சுமார் 60 சொற்களுக்கு ஒரு பட்டியல் போட்டு, ஒவ்வொரு முறையும் கூடவே அனுப்பிய பிறகுதான் இது அடங்கியது.

மிக வீணான வேலை குறுஞ்செய்தியில். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் தனித்தனியாக, காரணத்தை விளக்கி மாடல் எழுதிய செய்திகள் அருமையாக இருந்தன. ஒன்றும் போய்ச் சேரவில்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018 விதிமுறைப்படி, மொத்தமாக அனுப்பும் குறுஞ்செய்திகளுக்கான டிஎல்டி பதிவேட்டில் பதிவான வார்ப்புருவோடு வாசகம் ஒத்துப்போகாவிட்டால் செய்தி வழியிலேயே நின்றுவிடும். எனவே வாசகங்களை முன்கூட்டியே எழுதிப் பதிந்துவிட்டு, எதை அனுப்புவது என்று தேர்வுசெய்யும் வேலையை மட்டும் மாடலுக்குக் கொடுங்கள்.

நீளத்தையும் மாடல் சொல்லும் கணக்கை நம்பி முடிவுசெய்யாதீர்கள். தமிழில் ஒரு செய்திக்கு 70 குறிகள். தாண்டினால் 67, 67-ஆக உடைந்து கட்டணமும் ஏறும். புள்ளியும் ஒரு குறி, கொம்பும் ஒரு குறி. ‘சம்பளச் சீட்டு தெளிவாக இல்லை. திரும்ப ஏற்றுங்கள்.’ இதில் எழுத்து 25-தான். இடைவெளி, முற்றுப்புள்ளியோடு குறிகளாக எண்ணினால் 49. மீதி 21-இல் விண்ணப்ப எண் அடங்கிவிடுகிறது. இப்போது போய்க்கொண்டிருப்பது இந்தச் செய்திதான்.