மடை வயல்

முப்பது வருடங்களுக்கு மேல் நகரமைப்புப் பிரிவில் வேலை பார்த்தேன். நிலப் பயன்பாட்டை மாற்றித் தரச் சொல்லி வரும் மனுக்களுக்கு இடத்தைப் பார்த்து முதல் குறிப்பு எழுதுவது என் வேலை. கோப்பு எத்தனை மேசை ஏறினாலும் அந்த முதல் குறிப்பைத்தான் எல்லோரும் படிப்பார்கள். வயலை நேரில் பார்த்தவன் நான் ஒருவன்தானே.

1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டப்படி, எந்த நிலம் எதற்கு என்று வகுக்கும் முழுமைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளான்) விவசாயம் என்று காட்டிய நிலத்தைக் குடியிருப்பாக மாற்றுவதென்றால் அந்தத் திட்டத்தையே திருத்த வேண்டும். 32-ஆம் பிரிவு அதற்குத்தான். உள்ளாட்சி மன்றத் தீர்மானம், துறைகளின் கருத்து, செய்தித்தாளில் அறிவிப்பு, பொதுமக்களின் ஆட்சேபனை எல்லாம் முடிந்து கடைசியில் அரசிதழில் வரும். காகிதத்தில் பார்த்தால் குறையே சொல்ல முடியாத முறை.

ஒரு சித்திரை மாதம், நாலு ஏக்கர் நன்செய்யைக் குடியிருப்பாக மாற்றக் கேட்ட மனு வந்தது. பத்து வருடமாகத் தரிசு. நிலத்தை அளந்து வரைந்த புலப்படத்தையும், நில விவரம் எழுதிய அ-பதிவேட்டையும் எடுத்துக்கொண்டு போனேன். மண் வெடித்துக் கிடந்தது. வடக்கு ஓரத்தில் கருவேல முள் அடைத்த ஒரு பள்ளம். புலப்படத்தில் வாய்க்கால் எதுவும் இல்லை, அதனால் நானும் எழுதவில்லை. சர்வே எண்ணோடு அறிவிப்பு வெளியானது. கெடு முடிந்ததும் "ஆட்சேபனை ஏதும் வரப்பெறவில்லை" என்று ஒரு வரி எழுதினேன். அந்த வரி இன்றும் என்னை உறுத்துகிறது.

மனைப்பிரிவு வந்தது, மண் அடித்து மேடாக்கினார்கள். அந்த வருட ஐப்பசி மழையில் மேற்கே இருந்த வயல்களில் தண்ணீர் வடிய வழியில்லாமல் நின்றது. ஒரு பாட்டி அலுவலகத்துக்கே வந்துவிட்டார். அழுகின நெல் நாற்று ஒரு பிடியை முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்தார்.

"அறிவிப்பு போட்டோமே அம்மா, அப்பவே சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"பேப்பர்ல நம்பரு போட்டா எனக்கு என்னய்யா தெரியும்? மடை வயல்னு போட்டிருந்தீங்கன்னா ஊரே வந்திருக்குமே."

மடை வயல். தண்ணீர் அந்த வழியாகத்தான் போகும் என்பதை அந்த ஊர் வயலுக்குப் பேராகவே வைத்திருக்கிறது. அந்தப் பேர் என் கோப்பில் ஒரு இடத்திலும் இல்லை.

அப்புறம் நான் சில பழக்கங்களை மாற்றிக்கொண்டேன். யாரும் உத்தரவு போடவில்லை. ஊர்ப்பேரைக் கேட்டு, சர்வே எண்ணுக்குப் பக்கத்தில் எழுதினேன். அறிவிப்பின் நகலை ரேஷன் கடையிலும் பால் சொசைட்டியிலும் ஒட்டச் சொன்னேன். கோடையில் பார்த்த இடத்தை மழைக்கு அப்புறம் இன்னொரு தடவை பார்க்காமல் குறிப்பை முடிப்பதில்லை. தாமதமாகிறது என்று மனுதாரர்கள் கோபப்பட்டார்கள். அந்தக் கோபத்திலும் நியாயம் இருந்தது. கடன் வாங்கி நிலத்தில் போட்டவருக்கு மாதா மாதம் வட்டி ஓடும். அதனால் வந்த ஆட்சேபனையை மனுதாரருக்கும் காட்டி, பதில் வாங்கி, இரண்டையும் சேர்த்தே மேலே அனுப்பினேன். பக்கத்து நிலத்துக்கு முன்பு மறுத்திருந்தால் அந்தக் கோப்பையும் எடுத்து, ஏன் அதற்கு இல்லை, இதற்கு மட்டும் ஏன் என்று காரணம் எழுதினேன். என் கணக்கில், வசதியுள்ளவருக்கும் இல்லாதவருக்கும் ஒரே அளவுகோல்தானா என்பது அந்தக் காரணப் பத்தியில்தான் தெரியும். மன்றத்தில் கைதூக்கும் உறுப்பினருக்கும் அது உதவும். தீர்மானத்தில் வெறுமனே "அனுமதிக்கலாம்" என்று இருந்தால் நாளைக்கு அவரால் தன் வார்டில் என்ன பதில் சொல்ல முடியும்?

ஓய்வு பெறுவதற்கு முந்தின வருடம் வேறொரு ஊர் மனு. ரேஷன் கடையில் ஒட்டிய நகலைப் பார்த்து ஏழு ஆட்சேபனைகள் வந்தன. ஒன்று கோடு போட்ட நோட்டுத்தாளில், பேத்தி எழுத பாட்டி கைநாட்டு வைத்தது. பின்பக்கம் நீலப் பேனாவால் ஒரு படம்: கோயில், புளியமரம், இரண்டுக்கும் நடுவே வளைந்து போகும் வாய்க்கால். மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீர் நிற்கும் இடத்தில் ஒரு பெருக்கல் குறி. புலப்படத்துக்கு அடுத்த பக்கமாக அதை வைத்துத் தைத்து, பக்க எண் போட்டு அனுப்பினேன். அந்த வாய்க்காலை அளந்து காட்டச் சொல்லி ஒரு மாதத்தில் கோப்பு திரும்பி வந்தது. சர்வேயரையும் அந்தப் பாட்டியையும் கூட்டிக்கொண்டு போனேன். எங்களுக்கு முன்னால் அவர் நடந்தார்.