கெல்வினோட மல்லுக்கு நின்ன கிராமத்து பாதிரியார்

விக்டோரியா காலத்து இங்கிலாந்துல ஃபாசில் பொறுக்காத பாதிரியாரே இல்ல போலன்னு தோணும், ஞாயித்துக்கிழமை பிரசங்கம் முடிஞ்சா மத்த நாள் எல்லாம் கையில சுத்தியல்தான். ஆனா எனக்கு பிடிச்சவர் ஆஸ்மண்ட் ஃபிஷர். 1817ல டார்செட் பக்கம் பொறந்தவர், கேம்பிரிட்ஜ்ல கணக்கு படிச்சிட்டு, 1867ல இருந்து பக்கத்துலயே ஹார்ல்டன்னு ஒரு சின்ன கிராமத்துல பாதிரியார். இவரும் ஃபாசில் தோண்டினார்தான், டார்செட்ல ட்யூலிஷ்ங்கிற இடத்துல யானை எலும்பெல்லாம் எடுத்தார், அத விடுங்க. விஷயம் அவரோட கணக்குல இருக்கு.

அப்போ இயற்பியல் மேதை கெல்வின் சொன்னா வேதவாக்கு. பூமி மேல இருந்து உள்ளுக்குள்ள வரைக்கும் கெட்டியான திடப்பொருள், அது மெதுவா ஆறிட்டு வருது, எவ்வளவு நேரம் ஆறிருக்கும்னு கணக்கு போட்டா பூமியோட வயசு வந்துரும்னார். பூமி ஆறி சுருங்கறதாலதான் தரை மடிஞ்சு மலையாகுது, ஆப்பிள் காஞ்சா தோல் சுருங்கற மாதிரின்னு அன்னைக்கு எல்லாரும் நம்பிட்டு இருந்தாங்க. ஃபிஷர் உக்காந்து கணக்கு போட்டு பார்த்தார், அந்த சுருக்கம், நெஜத்துல இருக்கிற மலைங்களுக்கு பத்தவே பத்தாது! அப்போ கீழ வேற ஏதோ நடக்குதுன்னு மெல்லிசா ஒரு ஓடு, அதுக்கு கீழ திரவம்னு 1881ல புக்காவே எழுதிட்டார். அதோட 1889 பதிப்புல இன்னும் ஒரு படி மேல போய், அந்த திரவம் கடலுக்கு அடியில மேல எழும்பி கண்டத்துக்கு அடியில கீழ இறங்கி சுழலுதுன்னார். ஜெர்மன் விஞ்ஞானி வெகனர் கண்டம் நகருதுன்னு பேசினதே 1912ல தான், யோசிச்சு பாருங்க.

1893ல, உள்ள திரவமா இருந்து சுழன்டா வெப்பம் வேற மாதிரி வெளிய வரும், அப்போ திடம்னு வச்சு போட்ட வயசு கணக்கே நிக்காதுன்னு எழுதினார். இன்ஜினியர் ஜான் பெர்ரி கெல்வின இதே மாதிரி மடக்கினது 1895ல, பேர் என்னவோ பெர்ரிக்குதான் போச்சு.

எல்லாமே சரியா சொன்னார்னு இல்ல. கீழ இருக்கிறது உருகின குழம்பு இல்ல, பாறைதான், கோடிக்கணக்கான வருஷத்துல பார்த்தா மெதுவா நகரும், அவ்வளவுதான். நிலா பூமியில இருந்து பிஞ்சு போன வடுதான் பசிபிக் கடல்னு 1882ல ஒரு போடு போட்டார், அது சுத்த தப்பு, பசிபிக் தரை நிலாவோட ஒப்பிட்டா நேத்து உருவானது. ஆனாலும் அந்த காலத்துல கெல்வின எதிர்த்து, அதுவும் கெல்வினோட ஆயுதமான கணக்க வச்சே எதிர்த்ததுக்கு ஒரு தைரியம் வேணும்ல?

1913ல, 95 வயசுல, லண்டன் புவியியல் சங்கத்தோட பெரிய விருதான வோலஸ்டன் மெடல் குடுத்தாங்க, அடுத்த வருஷமே போயிட்டார். புக்கு ஸ்கேன் நெட்ல ஃப்ரீயா கிடைக்குது, கணக்கு பயமுறுத்துச்சுன்னா சமன்பாட்ட தாண்டிட்டு மலை பத்தின பகுதிய மட்டும் படிங்க, போதும்.