ஹோக்லி பிடி

"நீவு பரீத்தீரல்வா, நீவே ஹேளி" என்றார் ஆபீஸ் சாப்பாட்டு மேஜையில் இருந்த கன்னட நண்பர். நீங்கள்தான் எழுதுகிறவராயிற்றே, நீங்களே சொல்லுங்கள்.

"சினிமா சமாச்சாரமெல்லாம் நான் பாக்கறதில்ல சார். நங்கே கொத்தில்ல" என்றேன்.

ஒரு நொடி என் முகத்தையே பார்த்தார். "ஹோக்லி பிடி" என்று சொல்லிவிட்டு, டப்பாவில் மிச்சமிருந்த அக்கி ரொட்டியைக் கிழித்து ஒரு பாதியை என் தட்டில் வைத்தார். கறுப்பாக இருக்கும் அந்த ஹுச்செள்ளுச் சட்னியை ரொட்டியின் ஓரத்தில் ஸ்பூனால் தடவினார். சாப்பிட்டேன். பேச்சு மழைக்குப் போனது, மழையிலிருந்து டிராஃபிக்குக்குப் போனது.

அவ்வளவுதான் நடந்தது. 2025 மே 30, வெள்ளிக்கிழமை. கமல்ஹாசன் மன்னிப்பு கேட்க கர்நாடகத் திரைப்பட வர்த்தக சபை கொடுத்திருந்த கெடு அன்றோடு முடிந்தது. மே 24 அன்று சென்னையில் 'தக் லைஃப்' பாட்டு வெளியீட்டு விழாவில், கன்னட நடிகர் சிவராஜ்குமாரை எதிரில் வைத்துக்கொண்டு, உங்கள் பாஷை தமிழிலிருந்து பிறந்தது என்று அவர் சொன்னதை அந்த வாரம் பெங்களூரில் பேசாத ஆபீஸ் கேன்டீன் இருந்திருக்காது. எங்கள் மேஜையிலும் பேசினார்கள். மேஜையில் தமிழன் நான் ஒருவன். எல்லோரும் பேசி முடிக்கும்வரை காத்திருந்து, கடைசியில் அவர் என் பக்கம் திரும்பி, கமல் சொன்னது சரியா என்று கேட்டார்.

நான் சொன்னது பொய். சினிமா பார்க்காதவன் இல்லை நான். அது சின்னப் பொய். 'கொத்தில்ல', தெரியாது, என்றதுதான் பெரியது. அந்த வாரம் முழுக்க நான் வேறு எதையுமே யோசிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை ராத்திரி ஒரு மணிவரை உட்கார்ந்து எழுதிய ஆறு பக்கக் கட்டுரை, காலடியில் வைத்திருந்த பையில், லேப்டாப்பில் இருந்தது. கமல் சொன்னது தவறு என்பதுதான் அதன் முதல் வரி.

கட்டுரையில் இருந்தது இதுதான். கன்னடத்தில் தெருவுக்குக் கேரி என்று பெயர். நம் சேரியும் அந்தக் கேரியும் ஒரே சொல். காதுக்கு அவர்கள் கிவி என்பார்கள், நமக்குச் செவி. அவர்களுடைய கெம்பு நம்முடைய செம்மை. ககரம்தான் பழசு. இ, எ போன்ற முன்னுயிர் வருகிற இடங்களில் அதைச் சகரமாக மாற்றிக்கொண்டது தமிழ். கன்னடம் பழையதை அப்படியே வைத்துக்கொண்டது. மகள் தாயைவிடப் பழைய சொல்லை எங்கிருந்து எடுத்து வந்திருக்க முடியும்? இன்னொரு பக்கம், பாலை அவர்கள் ஹாலு ஆக்கினார்கள், பத்தை ஹத்து ஆக்கினார்கள். அங்கே பழசைக் காப்பாற்றியது தமிழ். இரண்டும் ஒரு பழைய வீட்டிலிருந்து பாகம் பிரித்துக்கொண்டு வந்தவை. ஒருத்தி அண்டாவை எடுத்துக்கொண்டாள், இன்னொருத்தி அம்மியை எடுத்துக்கொண்டாள். இதில் என் கண்டுபிடிப்பு எதுவும் இல்லை. 1856-லேயே கால்டுவெல் இவற்றை ஒரே மூலத்திலிருந்து கிளைத்த குடும்பமாகத்தான் வைத்தார். 1961-இல் பர்ரோவும் எமனோவும் கொண்டுவந்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியைப் புரட்டினால், பக்கத்துக்குப் பக்கம் இந்த அக்கா தங்கைகள்தான். தமிழின் பழமையை நிரூபிக்க இன்னொரு மொழியை அதற்குப் பிள்ளையாக்க வேண்டியதில்லை. சங்கப் பாட்டு இருக்கிறது, அது போதும். இதை நான் மனசார நம்புகிறேன். எங்கே வேண்டுமானாலும் சொல்வேன் என்றும் நினைத்திருந்தேன்.

பின்னே ஏன் சொல்லவில்லை?

அன்றைக்கு ராத்திரி எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணம் தெளிவாகத்தான் இருந்தது. கெடு வைத்துக் கேட்கிறபோது சொல்கிற உண்மை உண்மையாக இருக்காது, மன்னிப்பாகிவிடும். ஒரு தமிழன், பெங்களூரில், சுற்றிலும் கன்னடக்காரர்கள் உட்கார்ந்திருக்கிற மேஜையில், 'ஆமாம், எங்கள் ஆள் சொன்னது தப்பு' என்றால் அதில் யாருக்கு மொழியியல் கேட்கும்? பணிந்தான் என்றுதான் கேட்கும். கமலே அன்றைக்குத்தான், தப்பிருந்தால் மன்னிப்பு கேட்பேன், இல்லையென்றால் கேட்க மாட்டேன் என்கிற பொருளில் சொல்லியிருந்தார். அவர் சொன்ன விஷயம் தவறு. அந்த நிலைப்பாட்டில் ஒரு நியாயம் இருந்தது. படத்தை நிறுத்துவேன் என்று மிரட்டி ஒருவர் வாயிலிருந்து இலக்கணத்தை வரவழைக்கக் கூடாது. இந்த இரண்டையும் ஒன்றாகச் சொல்ல எனக்குக் கால் மணி நேரமாவது வேண்டும். அங்கே கிடைத்தது ஒரு வாய்ச் சோற்றுக்கும் அடுத்த வாய்ச் சோற்றுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி.

சரிதான். ஆனால் கேட்டது வர்த்தக சபை இல்லையே. கேட்டது அவர்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் டெஸ்டிங் லீட். மண்டியா பக்கத்து ஊர், விஸ்வேஸ்வரய்யா கால்வாயில் தண்ணீர் வந்தால்தான் அவர்கள் வயலில் நெல். நான் டெக்னிக்கல் ரைட்டர். சாஃப்ட்வேரில் அவர் கண்டுபிடிக்கிற பக்குகளை, அதாவது பிழைகளை, புது வெர்ஷனோடு போகிற ரிலீஸ் நோட்ஸில் 'நோன் இஷ்யூஸ்' என்கிற தலைப்பின் கீழ் எழுதுவது என் வேலைகளில் ஒன்று. எங்கள் தொழிலில் வாக்கியங்களுக்கு ஆள் கிடையாது. 'சில சூழ்நிலைகளில் தகவல் சேமிக்கப்படாமல் போகலாம்' என்றுதான் எழுத வேண்டும். யார் எழுதிய கோடால், எப்போதிலிருந்து, எத்தனை பேருக்குப் போனது என்பதெல்லாம் வராது. சில வருடங்களுக்கு முன்னால் ஒரு ரிலீஸில், ஒரு பக்கை நோட்ஸிலிருந்து எடுத்துவிடச் சொல்லி மேலேயிருந்து எனக்கு அழுத்தம் வந்தது. எடுத்துவிட்டேன். அவர் என் சீட்டுக்கு வந்து நின்றார். "ஹௌதோ அல்வோ?" என்று மட்டும் கேட்டார். உண்டா, இல்லையா? உண்டு என்றேன். "ஹாகாத்ரே பரீரி." அப்படியானால் எழுதுங்கள். எழுதினேன். மேலே அவரே போய்ப் பேசிக்கொண்டார்.

அன்றைக்குச் சாப்பாட்டு மேஜையில் அவர் என்னிடம் கேட்டது அதே கேள்விதான் என்று இப்போது படுகிறது. உண்டா, இல்லையா? பணிகிறேனா என்று அவர் பார்க்கவில்லை. தெரிந்தவனிடம் கேட்டார், அவ்வளவுதான். அப்படியும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மேஜையில் இன்னும் நாலு பேர் இருந்தார்கள். அதில் ஒரு பையன் அதற்கு முன் 'இங்கே சாப்பிட்டுவிட்டு' என்று ஆரம்பித்து, என்னைப் பார்த்ததும் நிறுத்தியிருந்தான். என்னைக் கேட்டதன் மூலம் அவனுக்கு ஏதாவது உணர்த்த நினைத்தாரோ? நான் நல்லபடியாக ஒரு பதில் சொல்வேன், அந்தப் பையன் அடங்குவான் என்று நம்பினாரோ? அப்படியென்றால் நான் கைவிட்டது என்னை மட்டும் இல்லை.

இதற்கு அடியில் இன்னொன்று இருக்கிறது.

2016 செப்டம்பர் 12. காவிரியில் தண்ணீர் திறக்கச் சொன்ன உத்தரவை உச்ச நீதிமன்றம் திருத்தியும் நகரம் பற்றிக்கொண்ட திங்கட்கிழமை. அப்போது ஆபீஸ் பன்னேர்கட்டா ரோட்டில், என் வீடு கெங்கேரியில். என்னுடையது தமிழ்நாட்டு நம்பர் ஸ்கூட்டர். மதியமே அவர் வந்து, வண்டியைப் பேஸ்மென்ட்டில் விடச் சொல்லி, தன் பைக்கில் என்னை ஏற்றிக்கொண்டார். நாயண்டஹள்ளி தாண்டும்போது தூரத்தில் கரும்புகை. தமிழ்நாட்டுப் பதிவு பஸ்கள் எரிந்துகொண்டிருந்தன என்பதை ராத்திரி டிவியில்தான் பார்த்தேன். ஓரிடத்தில் ஏழெட்டுப் பேர் வழிமறித்தார்கள். ஒருவன் என்னைக் காட்டி யார் என்று கேட்டான். அவர் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், "நம் ஹுடுகா" என்றார். நம்ம பையன். விட்டுவிட்டார்கள். நான் வாயே திறக்கவில்லை. என் கன்னடத்தில் தமிழ் வாசனை அடிக்கும் என்று இருவருக்கும் தெரியும். அன்றைக்கு அந்த மௌனம்தான் என்னைக் காப்பாற்றியது.

அதற்குப் பிறகு அந்த நாளைப் பற்றி அவர் ஒருதரம்கூடப் பேசியதில்லை. நான்தான் அதைக் கணக்கில் வைத்திருக்கிறேன். அதனால்தான் மே 30 அன்று என்னால் பேச முடியவில்லையோ என்று தோன்றுகிறது. கமல் சொன்னது தப்பு என்று அவரிடம் சொல்லியிருந்தால், பழைய கடனை அடைப்பதாக என் காதுக்கே கேட்டிருக்கும். என் கருத்து எனக்குச் சொந்தமாக இருக்க வேண்டும், நன்றியால் வந்ததாக இருக்கக் கூடாது என்று நினைத்தேன். இப்படி எழுதும்போது நன்றாக இருக்கிறது. ஆனால் சொந்தமான கருத்தை வெளியே எடுக்காமலே வைத்திருந்தால் அது எந்த அர்த்தத்தில் எனக்குச் சொந்தம்?

கட்டுரையை ஜூன் 1 ஞாயிறன்று சென்னையில் ஒரு பத்திரிகை ஆசிரியருக்கு அனுப்பினேன். நண்பர், பல வருடமாக என்னை எழுத வைக்கிறவர். மறுநாளே கூப்பிட்டார். "விஷயம் சரியா இருக்கு சார். கேரி, கிவி எல்லாம் பிரமாதம். ஆனா இப்ப வேண்டாமே. அவங்க மன்னிப்பு கேளுன்னு கழுத்துல கத்தி வெச்சிருக்கும்போது நாமளே தப்புன்னு எழுதினா நல்லாவா இருக்கும்? அடங்கட்டும், போடலாம்." நான் சாப்பாட்டு மேஜையில் எனக்குச் சொல்லிக்கொண்ட அதே காரணம், வார்த்தைகூட மாறாமல். 'சரிங்க சார்' என்று போனை வைத்தபோது எனக்கு வந்தது ஏமாற்றம் இல்லை, நிம்மதி. அந்த நிம்மதிதான் இன்றுவரை உறுத்துகிறது. இங்கே சொன்னால் பணிந்தவன், அங்கே சொன்னால் காட்டிக்கொடுத்தவன் என்று இருக்கும்போது இரண்டு இடத்திலும் சொல்லாமல் இருப்பதற்கு எவ்வளவு கௌரவமான பெயர்களெல்லாம் கிடைக்கின்றன.

ஜூன் 3 அன்று, படத்தை இங்கே வெளியிடுவது பற்றிய வழக்கில், கர்நாடக உயர் நீதிமன்றத்தில், ஒரு மன்னிப்பில் முடிந்திருக்குமே என்று நீதிபதியே கேட்டார். கமல் வர்த்தக சபைக்கு எழுதிய கடிதத்தில் எல்லாம் இருந்தது: கன்னடத்தின் மேல் உள்ள அன்பு, தன் பேச்சு தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட வருத்தம். மன்னிப்பு என்கிற சொல் மட்டும் இல்லை. தினமும் வார்த்தைகளை எடுப்பதும் வைப்பதுமாகப் பிழைக்கிற நான் அந்தக் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். 'தமிழிலிருந்து பிறந்தது' என்றதற்குப் பதில் 'தமிழோடு பிறந்தது' என்று ஒரே ஒரு சொல்லை மாற்றியிருந்தால் யாரும் யாரிடமும் தலைகுனிய வேண்டியிருந்திருக்காதே என்று இருந்தது. 5ஆம் தேதி மற்ற ஊர்களில் படம் வந்தது, இங்கே வரவில்லை. 17ஆம் தேதி உச்ச நீதிமன்றம், மன்னிப்பு கேட்கச் சொல்வது உயர் நீதிமன்றத்தின் வேலை இல்லை என்றது. என் முதல் காரணத்துக்கு உச்ச நீதிமன்றமே துணை வந்துவிட்டது. அப்போதும் மனசு ஆறவில்லை. வழக்கில் நான் இல்லையே.

நடுவில் ஜூன் 4. கிரிக்கெட் கோப்பையைக் கொண்டாட வந்த கூட்டம் சின்னசாமி மைதானத்துக்கு வெளியே நெரிந்து பதினொரு பேர் செத்துப்போனார்கள். மறுநாள் மேஜையில் ஒருவரும் சரியாகச் சாப்பிடவில்லை. தன் மகளும் போவதாக இருந்தாள், பஸ் கிடைக்காமல் திரும்பிவிட்டாள் என்று அவர் சொன்னார். சொல்லும்போது குரல் இறங்கிப்போனது. அதற்கப்புறம் எந்த முகத்தோடு போய் 'சார், அன்னிக்கு ஒரு பொய் சொன்னேன், கேரிங்கற சொல் இருக்கே' என்று ஆரம்பிப்பது?

பெங்களூர் வந்த புதிதில் பஸ்ஸில் கண்டக்டர் 'தாரி பிடி, தாரி பிடி' என்பார். வழியை விடச் சொல்கிறார். என் தமிழ்க் காதில் 'பிடி' என்றுதான் விழும், கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வழியிலேயே நிற்பேன். நம் விடு அவர்களுக்குப் பிடு. நம் போகட்டும் அவர்களுக்கு ஹோக்லி. 'ஹோக்லி பிடி' என்றால் போகட்டும் விடுங்கள், சொல்லுக்குச் சொல் நம்முடையதேதான். கட்டுரையில் இந்த உதாரணம் இல்லை. அன்றைக்கு அவர் வாயிலிருந்து வந்த பிறகுதான் கவனித்தேன். அதை எந்தக் குரலில் சொன்னார் என்று இத்தனை மாதமாக யோசிக்கிறேன். சங்கடப்படாதே, விடு என்றாரா? இல்லை, உன்னிடம் போய்க் கேட்டேனே, விடு என்றாரா? அவர் முகம் நினைவிருக்கிறது. ஸ்பூனில் சட்னியைத் தடவிய கை நினைவிருக்கிறது. குரல் மட்டும் ஒவ்வொரு தரமும் வேறு மாதிரி கேட்கிறது.

கட்டுரை இன்னும் வரவில்லை. அடங்கிவிட்டதே, இப்போது எதற்கு என்று ஆசிரியர் நினைக்கிறாரோ என்னவோ, நானும் கேட்கவில்லை. அதைக் கன்னடத்தில் எழுதிப் பார்க்கிறேன். பஸ் போர்டு பார்த்துக் கற்ற எழுத்து, எழுத்துக்கு அடியில் எழுத்து தொங்குகிற ஒத்தக்ஷரம் வருகிற இடமெல்லாம் தடுக்குகிறது. கிவி, செவி பத்திவரை வந்திருக்கிறேன். ஒன்றரைப் பக்கம்.

நேற்றும் அக்கி ரொட்டி கொண்டு வந்திருந்தார். பாதி கொடுத்தார். மேஜையில் நாங்கள் இரண்டு பேர்தான். போனில் அந்த ஒன்றரைப் பக்கத்தைத் திறந்து தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். அவர் கை கழுவப் போனார். திரும்பி வருவதற்குள் இரண்டு பேர் தட்டோடு வந்து எதிரில் உட்கார்ந்துவிட்டார்கள். போனைக் கவிழ்த்து வைத்தேன்.