வில்லுக்குப் பழகிய தோள்கள்

காலையில் பல் தேய்க்கக் கையைத் தூக்கியபோதே தெரிந்துவிட்டது, முந்தின நாள் எய்த அம்புகளெல்லாம் வலது தோளில்தான் வந்து உட்கார்ந்திருக்கின்றன என்று. இடது முன்கையின் உட்பக்கம் நாண் அறைந்த இடம் கத்தரிக்காய் நிறத்தில் கன்றிக் கிடந்தது. "எண்ணெய் தேய்ச்சுட்டுப் போடா" என்றாள் அக்கா. தேய்த்துக்கொண்டு இங்கிலாந்தின் சவுதாம்ப்டனில் ரயில் ஏறினேன்.

ஆறு வாரம் அக்கா வீட்டில் தங்கல். வந்ததுமே பக்கத்து ஊர் வில்வித்தைக் குழுவின் தொடக்க வகுப்பில் என் பெயரைக் கொடுத்துவிட்டாள். அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா கற்றுக்கொடுத்தார். என் கைக்கு வந்தது 30 பவுண்டு இழுவிசையுள்ள நெடுவில்; அதாவது நாணை முழுக்க இழுக்க 30 பவுண்டு எடையைத் தூக்கும் பலம் வேண்டும். குறிபார்க்கும் கருவி, அம்பைத் தாங்கும் கொக்கி எதுவும் கிடையாது. வில்லைப் பிடித்த கைமுட்டியின் மேலேயே அம்பு படுத்துக்கொள்கிறது. வில்லின் கீழ் நுனியைப் பாதத்தின் உட்பக்கம் ஊன்றி, நடுப்பிடியை ஒரு கையால் தன் பக்கம் இழுத்து, மறுகையால் மேல்பாதியைத் தள்ளிக்கொண்டே நாணின் கண்ணியை வில்நுனியில் உள்ள வெட்டான குதையில் மாட்டினார். மூச்சுவிடும் நேரத்தில் முடிந்தது. எனக்கு நாலு தடவை வழுக்கியது.

இரண்டு விசில் ஊதினால் கோட்டில் போய் நிற்க வேண்டும், ஒன்று ஊதினால் எய்யலாம், மூன்று ஊதினால்தான் அம்பு பொறுக்கப் போகலாம். நாணை வாயோரம் வரை இழுத்ததும் விட்டுவிட வேண்டும். தயங்கி நின்றால் கை நடுங்கிக் குறி தப்புகிறது. அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றைத்தான்: கையால் இழுக்காதே, முதுகால் இழு. இங்கே இது பழைய பாடம். ஹியூ லாட்டிமர் என்ற பாதிரியார் 1549-இல் மன்னர் ஆறாம் எட்வர்டின் முன்னால் செய்த பிரசங்கத்திலேயே இது வருகிறது: கைவலுவை நம்பாமல் உடம்பு முழுவதையும் வில்லில் கொடுக்கச் சொல்லித்தந்தார் அவருடைய அப்பா, வயதும் பலமும் ஏற ஏறப் பெரிய வில்லாக வாங்கித்தந்தார்.

போர்ட்ஸ்மத் ஹார்பர் ரயில் நிலையம் கடல்நீரின் மேலேயே கட்டப்பட்டது. இறங்கிக் கொஞ்சம் நடந்தால் பழைய கப்பல்தளம். நான் தேடி வந்தது 'மேரி ரோஸ்' கப்பலை. எட்டாம் ஹென்றியின் போர்க்கப்பல். 1545 ஜூலை 19 அன்று பிரெஞ்சுக் கடற்படையோடு நடந்த சண்டையில், மன்னர் கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே சாய்ந்து மூழ்கியது. ஏறக்குறைய 500 பேரில் பிழைத்தவர்கள் மிகச் சிலர். எதிரிகள் ஏறாமலிருக்க மேல்தளத்தில் கட்டிய வலையே உள்ளேயிருந்தவர்களுக்குப் பொறியாகிவிட்டது. 1982-இல் தூக்கியெடுத்தபோது, சேற்றில் புதைந்திருந்த வலப்பக்கம் மட்டும் மிஞ்சியிருந்தது.

அந்தச் சேறுதான் வில்களையும் காப்பாற்றியது. முழுசாகவே 137 நெடுவில்கள், மூவாயிரத்துக்கும் மேற்பட்ட அம்புகள். போர்களில் புகழ்பெற்ற இங்கிலாந்து வில் எப்படி இருந்தது என்பது இந்தக் கப்பல் மேலே வந்த பிறகுதான் தெளிவாகத் தெரிந்தது.

அருங்காட்சியகத்தில் அந்த வில்கள் கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாகக் கிடந்தன. ஒவ்வொன்றும் என்னைவிட உயரம். சராசரியே இரண்டு மீட்டரை ஒட்டி வருகிறது. நுனியில் மட்டும் மரம் கூம்பாகச் சீவியது போல, வெளிறித் தெரிந்தது. அங்கே மாட்டியிருந்த கொம்புக் குதைகளைக் கடல் கரைத்துவிட்டிருக்கிறது. எல்லாமே யூ (yew) என்ற ஊசியிலை மரம். வைரம் பாய்ந்த உள்கட்டை அமுக்கத்தைத் தாங்கும், அதைச் சுற்றியுள்ள வெளிர்ந்த பகுதி இழுப்புக்கு ஈடுகொடுக்கும். இரண்டும் சேர்ந்து வரும்படி கட்டையைப் பிளந்தால் ஒரே மரத்தில் இரண்டு குணம் கிடைத்துவிடுகிறது. இந்த மரத்துக்காக இங்கிலாந்து தவித்த தவிப்பு கொஞ்சமல்ல. 1472-இல், துறைமுகத்துக்கு வரும் சரக்கில் ஒவ்வொரு டன்னுக்கும் நாலு வில்கட்டை கூடவே கொண்டுவர வேண்டும் என்று வணிகர்களுக்குச் சட்டமே போட்டார்கள்.

இழுவிசையைப் படித்ததும் என் கை தானாகத் தோளுக்குப் போனது. 100 பவுண்டிலிருந்து 185 பவுண்டு வரை இருந்திருக்கும் என்று கணக்கிடுகிறார்கள். என் 30 பவுண்டு வில்லுக்கே எண்ணெய் தேய்க்க வேண்டியிருந்தது!

வில்களைவிட அதிக நேரம் நான் நின்றது எலும்புகளின் முன்னால். தோள்பட்டையின் நுனியில் ஒரு சிறு துண்டு உண்டு. பொதுவாக இருபத்தைந்து வயதுக்குள் மற்ற எலும்போடு ஒட்டிவிடும். இந்தக் கப்பலில் கிடைத்த எலும்புக்கூடுகள் பலவற்றில் அது ஒட்டவேயில்லை. எலும்பு முற்றும் முன்பே, சிறுவயதிலிருந்து கனத்த வில்லை இழுத்துப் பழகியதே காரணமாக இருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். 1363-இல் மூன்றாம் எட்வர்ட், உடல்வலு உள்ள ஆண்கள் எல்லாரும் விடுமுறை நாட்களில் வில் பழக வேண்டும் என்று ஆணையிட்டது வெறும் காகிதமல்ல. பையன்களின் தோளில் எழுதப்பட்டது என்று அங்கே நிற்கும்போது தோன்றியது.

துப்பாக்கி வந்ததும் வில் தோற்றுப்போனது என்று நான் பள்ளியில் படித்தது பாதிதான் சரி. அன்றைய துப்பாக்கியைவிட வில் வேகமாக எய்தது. ஆனால் துப்பாக்கிக்காரனைச் சில வாரங்களில் தயாராக்கிவிடலாம். வில்லாளிக்கு அவன் பிள்ளைப்பருவம் முழுக்க வேண்டும். அந்தப் பழக்கம் ஊர்களில் தேயத் தேய, 1595-இல் அரசவையும் படையிலிருந்து வில்லை விலக்கியது.

அடுத்த சனிக்கிழமை மைதானத்தில் 35 பவுண்டு வில் கேட்டேன். அந்த அம்மா என் முன்கையைத் திருப்பி, பச்சையாக மாறிக்கொண்டிருந்த கன்றலைப் பார்த்தார். பழைய 30-ஐயே எடுத்துக் கையில் கொடுத்தார். அப்புறம் இரண்டு விசில் கேட்டது.