முதலில் திடல், அப்புறம் குளம்: ஃபிளை ஃபிஷிங் கற்ற வரிசை

கோலாலம்பூரில் இருந்துகொண்டு ஃபிளை ஃபிஷிங் கற்க ஆசைப்படுபவர்கள் முதலில் கேட்பது, "எங்கே போய்ப் பிடிக்கலாம்?" என்றுதான். கொஞ்ச காலத்துக்கு எங்கேயும் போக வேண்டாம் என்பேன். வீட்டுப் பக்கத்துத் திடல் போதும். நான் கற்றது செந்தூலில் ஒரு பந்துத் திடலில்.

சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் எடை நூலை இழுத்துக்கொண்டு போகும். இதில் தலைகீழ். பூச்சி மாதிரி இறகு கட்டிய கொக்கிதான் ஃபிளை; அதற்கு எடையே இல்லாத மாதிரிதான். தடித்த லைன் அதைச் சுமந்து போகிறது. லைனின் எடையை எண்ணால் சொல்வார்கள்; 5 எண் லைன் என்றால் அதன் முதல் 30 அடி சுமார் 9 கிராம். அந்த 9 கிராமைக் காற்றில் விரிக்கப் பழகுவதுதான் முக்கால்வாசிப் பாடம்.

புதியவருக்கு 9 அடி நீளத்தில் 5 அல்லது 6 எண் கம்பு சரி. கம்பின் எண்ணும் லைனின் எண்ணும் ஒத்துப்போகின்றனவா என்று கடையிலேயே பாருங்கள். ரீலுக்குப் பணத்தைக் கொட்ட வேண்டாம்; நல்ல லைன் வாங்குங்கள்.

திடலில் கொக்கி கட்டாதீர்கள். லீடர் (லைனின் முனையில் கட்டும் மெல்லிய நரம்பு) நுனியில் சிவப்புக் கம்பளி நூல் ஒரு துண்டு போதும். கம்பை முன்னே 10 மணி, பின்னே 1 மணி வாக்கில் சட்டென்று நிறுத்த வேண்டும். எல்லோரும் தடுமாறுவது பின்வீச்சில்தான். பின்னால் லைன் விரிவதற்குள் முன்னே வீசினால் சாட்டை மாதிரி 'படீர்' என்று கேட்கும். ஃபிளை கட்டியிருந்தால் அந்தச் சத்தத்தோடு அறுந்து போகும். தலையைத் திருப்பிப் பாருங்கள். லைன் நேராகி, கம்பின் நுனி லேசாக இழுபடும்போது முன்னே வாருங்கள். மணிக்கட்டு வளைந்துகொண்டே இருந்தால், முழுக்கைச் சட்டை போட்டு, கம்பின் அடிமுனையைக் கைப்பட்டிக்குள் செருகிக்கொள்ளுங்கள். தானாக அடங்கும்.

"அங்கிள், இங்க மீன் இல்லையே!" என்று பந்து விளையாடும் பிள்ளைகள் கேட்பார்கள். சிரித்துக்கொள்ள வேண்டியதுதான்.

காலையிலேயே போய்விடுங்கள். பிற்பகல் இடிமழை நமக்குத் தெரிந்ததே. கார்பன் கம்பு மின்சாரம் கடத்தும். அரை மணி நேரம் வீசினால் போதும். கை சோர்ந்தபின் வீசினால் தப்பான பழக்கம்தான் ஒட்டும். கம்பை மடக்கிவிட்டு மாமாக் கடையில் ரொட்டி சானாய் சாப்பிடுங்கள். வாரம் முழுக்க வேலை பார்த்தவருக்கு ஞாயிறும் ஒரு வேலையாகிவிடக் கூடாது.

லைன் நேராக விழத் தொடங்கியதும் கட்டணக் குளம். உரிமையாளரிடம் கேட்டு, பின்னால் ஆள் நடமாட்டமில்லாத மூலையாகப் பிடியுங்கள். கொக்கியின் முள்ளை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். தொப்பியும் கண்ணாடியும் கட்டாயம். திலாப்பியாவும் லாம்பாமும் ஆரம்பத்துக்கு நல்ல மீன்கள். ரொட்டித் துண்டு மாதிரி மிதக்கும் ஃபிளையை லாம்பாம் மேலே வந்து எடுக்கும்.

தோமான் என்ற பெரிய விரால் வகை மீனுக்கு 8 எண் கம்பு வேண்டும். கடித்ததும் கம்பைத் தூக்காமல், லைனைக் கையால் அழுத்தி இழுத்தால்தான் அந்த எலும்பு வாயில் கொக்கி ஏறும். தோமானுக்கும் செபாரா மீனுக்கும் பேராக்கின் தெமெங்கோர் ஏரி பேர்போனது. தூரம் அதிகம், பொது விடுமுறை சேர்ந்து வரும் வாரக் கடைசியாகப் பாருங்கள். பக்கத்து ரோயல் பெலும் பூங்காவுக்குள் போவதென்றால் முன்கூட்டியே அனுமதி எடுக்க வேண்டும்.