போர்பனுக்கு எந்தக் கிளாஸ்?

நுவரெலியாக் குளிரில் போர்பன் என்ற அமெரிக்க விஸ்கிப் போத்தல் திறக்கும் நண்பர்களே, தயவுசெய்து தண்ணீர் குடிக்கிற நீட்டுக் கிளாஸில் ஊற்றாதீர்கள். போர்பனின் பாதி ருசி வாசத்தில்தான். உட்புறம் கருக்கிய புது ஓக் பீப்பாயில் கிடந்து அது சேர்த்த வனிலா, கரமல் மணமெல்லாம் நீட்டுக் கிளாஸில் சரியாகப் பிடிபடாது.

என் தெரிவு கிளென்கேர்ன். 2001இல் ஸ்கொட்லாந்தில் விஸ்கிக்கென்றே வந்த கிளாஸ். கீழே உப்பி, மேலே குறுகி வாசத்தைக் கூட்டித் தரும். கிடைக்காவிட்டால் சின்ன வைன் கிளாஸும் சரி. கொஞ்சமாக ஊற்றி, உள்ளங்கையில் பொத்தி வைத்திருங்கள். இந்தக் குளிருக்கு அந்தச் சூடு பட்டால்தான் மணம் எழும்பும். அப்புறம் வாயை லேசாகத் திறந்தபடி முகருங்கள், மதுசாரக் காரம் மூக்கில் ஏறாது.

ஐஸ் போடுபவர்களுக்கு அடி கனத்த குட்டைக் கிளாஸ். எங்கள் மலைக்கு ஐஸ் வேண்டாம், இரண்டு சொட்டுத் தண்ணீர் போதும் என்பேன்.